டிக்கெட் எடுக்காத பிள்ளை

பஸ்ஸில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். நினைவுகள் விற்கும் கடையிலும் தமயந்தி அதையே சொன்னாள்: "பாப்பாவுக்கு இன்னும் அஞ்சு முடியலைங்க. டிக்கெட் வேணாம்தானே?"

"வேணாம்மா" என்ற கடைக்காரர், போகாத மூன்று நாள் ஊட்டிப் பயணத்தைப் போய்வந்த நினைவாகக் கணவன் மனைவி இருவர் தலையிலும் ஏற்றி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்தும் கணவன் செல்வராசு சப்புக்கொட்டிக்கொண்டிருந்தான். "ஏரிக்கரை ஓட்டல்ல அந்த மிளகுக் கோழி இருக்கே, அடடா!"

"நான் என்னம்மா சாப்பிட்டேன்?" என்று கேட்டாள் ஆறு வயது பூவிழி.

தமயந்தி நினைத்துப் பார்த்தாள். மேஜையில் இரண்டே தட்டுகள். பனியிலும் படகிலும்கூடப் பிள்ளை இல்லை. அந்த மூன்று நாளும் தனக்கொரு மகள் இருப்பதாகவே அவளுக்குத் தோன்றவில்லை.

வாழ்க்கையில் அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததும் அந்த மூன்று நாள்தான்.