பாதி மாத்திரை

அழைப்பு மணி அலறுகிறது. லிஃப்ட் மெக்கானிக் நாக்கில் வைத்த பாதி மாத்திரையை அவசரமாக விழுங்கிவிட்டு, டம்ளரும் கையுமாக வந்து கதவைத் திறக்கிறார். எதிர்வீட்டு நர்ஸ், இரவல் வாங்கிய ஸ்க்ரூடிரைவரோடு நிற்கிறாள். மணி ஆறரை. ஜன்னலில் அவர் போர்வையை மாட்டி மறைத்திருக்கிறார். அதன் ஓரத்தில் கசியும் மாலை வெயில் கட்டிலின் குறுக்கே மஞ்சள் நாடாவாக விழுந்து கிடக்கிறது. கீழே பிள்ளைகள் பந்தடிக்கும் சத்தம் இன்னும் ஓயவில்லை.

"என்னண்ணே, கோழிகூட இன்னும் அடையல. அதுக்குள்ள படுக்கையா?"

"நாளைக்குக் காலை ஷிஃப்ட்டும்மா."

"நாளைக்கு லீவுன்னு நேத்துதானே சொன்னீங்க?"

அவர் அசடு வழியச் சிரிக்கிறார். அவள் உரிமையோடு உள்ளே வந்து, கட்டிலில் கிடந்த தூக்க மாத்திரை அட்டையை அந்த வெயில் நாடாவில் பிடித்துப் பார்க்கிறாள். ஒன்றரை மாத்திரைதான் குறைந்திருக்கிறது.

"தினம் போடறதில்லம்மா. ஞாயித்துக்கிழமை மட்டும்."

அப்போது தலையணையோரம் போன் கூவுகிறது. சத்தம் உச்சத்தில் இருப்பதால் அறையே அதிர்கிறது. பாய்ந்து எடுக்கிறார். ஏதோ விளம்பரம். திரை அணையும்வரை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு மெல்லக் கீழே வைக்கிறார்.

"தூங்குறப்ப இதை சைலண்ட்ல போடக்கூடாதா?" அவள் கை நீட்டுகிறாள். அவர் போனைத் தன் பக்கம் நகர்த்திக்கொள்கிறார்.

"வேண்டாம்மா. ஞாயிறு ராத்திரி ஒம்பது மணின்னா மக கூப்பிடுவா. ஒரு மாசமா கூப்பிடல. மணியப் பாத்துக்கிட்டு உக்கார முடியல, அதான் தூங்கிடறேன். ஆனா அவ கூப்பிட்டா எந்திரிச்சிடணும்ல."