நீலக் கட்டம் போட்ட சாரம்

பிடரி எரிந்தது.

நாற்பது மூட்டை ஏற்றியாகிவிட்டது. மூட்டையில் கசிந்த உப்புத் தண்ணீர் கழுத்துப் புண்ணில் இறங்கி முதுகு வழியே ஓடியது. இடுப்பு தனியாகக் கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. இவன் லாரியின் பின்சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தான்.

டீ வந்தது. கூடவே பேப்பரும் வந்தது.

பக்கத்தில் இருந்த மாடக்கண்ணு அதை விரித்து மடியில் வைத்துக்கொண்டான். ஒரு வாரமாக இதே வேலை. உப்பளத்துக் கணக்கப்பிள்ளையைத் தலையில் கல்லைப் போட்டுக் கொன்ற வழக்கு கோர்ட்டில் நடக்கிறது. கூண்டில் நிற்பவன் பலவேசம். போன வருடம் வரை இதே குடோனில் இவனோடு ஜோடி சேர்ந்து மூட்டை ஏற்றியவன்.

"நாளைக்கு அவன் பக்கத்துச் சாட்சியாம். அதோட சாட்சி முடியுதாம்" என்றான் மாடக்கண்ணு. "அவனுக்கு எவம்லே சாட்சி சொல்ல வருவான்? அவன் பொண்டாட்டியே வரமாட்டா."

சிரித்தார்கள்.

"மூட்டையவே ஒத்தையில தூக்குத பய. கல்லு அவனுக்கு ஒரு கனமாலே?"

"மூஞ்சியப் பாரு. அப்பவே எனக்குத் தெரியும், இவன் ஒருநா எவனையாவது முடிப்பான்னு."

கோயில் கொடை விருந்தில் அந்த மூஞ்சிக்கு எதிரே உட்கார்ந்து இரண்டாம் தடவை கறி வாங்கித் தின்றவன்தான் இதைச் சொன்னான்.

தவசிக்கனி வயதில் மூத்தவர். பேப்பரில் இருந்த பலவேசத்தின் படத்தின்மேல் விரலை வைத்தார்.

"மூஞ்சி கெடக்கட்டும்லே. தோள்ல கட்டப் பாத்தியளா? செத்தவரு சும்மா சாகல. நல்லா மல்லுக்கட்டிருக்காரு. இது ஒண்ணு போதும், தூக்குல போட."

"ஆமா அண்ணாச்சி. கரெக்டு."

ஊரே இதைத்தான் சொன்னது. பஸ்ஸில் சொன்னார்கள். ரேஷன் கடை வரிசையில் சொன்னார்கள். நேற்று இவன் பொண்டாட்டியும் சொன்னாள்.

பேப்பர் கை மாறி இவனிடம் வந்தது.

கைது செய்த அன்று எடுத்த படம். சட்டையைக் கழற்றி நிறுத்தியிருந்தார்கள். வலது தோளைச் சுற்றித் துணிக்கட்டு. நீலக் கட்டம் போட்ட துணி.

இவன் இடுப்பில் கட்டிய பழைய சாரம்.

கிழித்தது இவன். கட்டியதும் இவன்தான்.

கொலைக்குப் பதினொரு நாள் முன்பு குடோனில் மூட்டை அடுக்கு சரிந்தது. இவன் கீழே குனிந்திருந்தான். பலவேசம் ஓடிவந்து இவனை எட்டி உதைத்தான். இவன் அந்தப் பக்கம் போய் விழுந்தான். இவன் தலைக்கு வந்த மூட்டை பலவேசத்தின் தோளில் இறங்கியது.

எலும்பு நகர்ந்த சத்தம் இவனுக்குக் கேட்டது.

அதன்பின் அந்தக் கை நெஞ்சுக்கு மேலே எழும்பவேயில்லை.

காண்ட்ராக்டர் ஆஸ்பத்திரிக்கு விடவில்லை. "கை தூக்க முடியாதவனுக்கு இங்க என்ன சோலி? ரெண்டு பேரும் வாயப் பொத்திக்கிட்டு இருந்தா ரெண்டு பேருக்கும் வேல உண்டு."

பொத்திக்கொண்டார்கள். சட்டைக்குள் கட்டு. மேலே துண்டு. பலவேசம் இடது கையால் மூட்டையின் ஒரு முனையைப் பிடித்துப் பேருக்கு நிற்பான். பாரம் முழுக்க இவன் இடுப்பில். அப்படிப் பதினொரு நாள். பக்கத்தில் நின்று ஏற்றிய மாடக்கண்ணுவுக்கே தெரியவில்லை.

போலீஸ் வந்தது. அவன் தோளில் எப்போது அடிபட்டது என்று இவனைக் கேட்டார்கள். காண்ட்ராக்டர் பக்கத்திலேயே நின்றார்.

"தெரியாதுய்யா" என்றான்.

பலவேசம் இரண்டு கையாலும் கல்லைத் தலைக்கு மேலே தூக்கிப் போட்டான் என்று எழுதிக்கொண்டு போனார்கள். தோளில் இருந்த காயம் கணக்கப்பிள்ளை அடித்ததில் வந்தது என்றும் எழுதிக்கொண்டார்கள்.

"ஏல." மாடக்கண்ணு இவன் முழங்காலைத் தட்டினான். "நீதான அவன் ஜோடி. நீ சொல்லு. செஞ்சிருப்பானா, மாட்டானா?"

எல்லாரும் திரும்பினார்கள். வாய் நிறைய வடையோடு, கண்ணை விரித்துக்கொண்டு.

இவனுக்கு ஒரு வாயைப் பிடித்து இரண்டாகக் கிழிக்க வேண்டும் போலிருந்தது.

மாடக்கண்ணுவின் வாயை இல்லை. அவனுக்குத் தெரியாது, உளறுகிறான். தெரிந்த வாய் அங்கே ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது டீ குடித்துக்கொண்டிருந்தது.

கிளாஸைச் சக்கரத்தில் ஓங்கி அடித்தான். கண்ணாடி சிதறியது.

"என்னலே, சாமி வந்துட்டா?"

சத்தம் கேட்டுக் காண்ட்ராக்டர் ஷெட்டிலிருந்து வெளியே வந்தார்.

இவன் எழுந்து நேராக அவரிடம் போனான். உள்ளங்கையில் ரத்தம்.

"நாளைக்கு நான் வரமாட்டேன் அண்ணாச்சி."

"என்ன சோலி?"

"கோர்ட்டுக்குப் போறேன்."

அவர் கோபப்படவில்லை. பல்லில் சிக்கியதை நாக்கால் துழாவினார்.

"போன வாரமும் இதத்தான சொன்ன."

சொன்னான். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போனான். கோர்ட்டு பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்ததும் வந்தது. பத்து மணிக்கு இங்கே வந்து மூட்டையைத் தூக்கினான். அன்றைக்கும் காண்ட்ராக்டர் ஒன்றும் கேட்கவில்லை.

"லோடு நிக்கி" என்று சொல்லிவிட்டு அவர் ஷெட்டுக்குள் போனார்.

இவன் திரும்பி வந்தான். பேப்பர் தரையில் கிடந்தது. படத்தை மட்டும் கிழித்தான். நாலாக மடித்து இடுப்பில் சொருகினான்.

"எதுக்குலே அது?" என்றான் மாடக்கண்ணு.

இவன் குனிந்து மூட்டையைப் பிடித்தான். எதிர் முனையை மாடக்கண்ணு பிடித்தான். அவனுக்கு இரண்டு கையும் நன்றாக இருந்தது.

பலவேசத்துக்கு இவன் தர வேண்டியது ஒரு தேதி. புரட்டாசி நாலு, செவ்வாய்க்கிழமை, மூட்டை விழுந்த நாள்.

இன்னும் தரவில்லை.