பத்தாம் நம்பர்

“இதே மாடல், இதே பத்து கொடுங்கண்ணே.” அடி பிய்ந்த ஷூவை அவள் கடைக்காரர் முன் வைத்தாள்.

“எப்ப வாங்கினது?”

“ஆறு மாசம் ஆச்சு. அதுக்கு முந்தின வருஷம் எட்டு.”

“வளர்ற புள்ளைக்குப் பதினொண்ணு எடுங்கக்கா. கால் கிடுகிடுன்னு வளரும்.”

“வாய வைக்காதீங்க. பத்து கடிச்சா நான் செத்தேன்.”

கடைக்காரர் சிரித்தார். “இப்படி ஒரு அம்மாவ இப்பத்தான் பாக்கறேன். புள்ளையக் கூப்பிடுங்க.”

வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவருக்கு நாற்பத்தைந்து வயது, காதோரம் நரை. அவளுடைய கணவர். கடைக்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது.

“மூளைக்கு அடியில பட்டாணி அளவு சுரப்பி. அதுல கட்டி வந்து, வளர்ச்சி ஹார்மோன் நிக்காம சுரந்துச்சு. கை, கால், தாடை எல்லாம் பெருத்துப்போச்சு. இந்த ஷூ வாங்கின மறுவாரம் ஆபரேஷன்,” என்றாள்.

ரத்தப் பரிசோதனை நன்றாக இருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தார். அவள் தாளை நம்பும் ரகமில்லை.

கணவர் காலை நுழைத்தார். அவள் மண்டியிட்டு, ஷூவின் முனையை அழுத்திப் பார்த்தாள்.

“ஏங்க, கடிக்குதா?”

“இல்ல. தொளதொளன்னு இருக்கு.”

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அண்ணே, ஒம்பதரை இருக்கா?”