அசல் மலைத்தேன்

பம்பாய் மாதுங்காவில் ஒரு குடியிருப்புக் கட்டடத்தின் வாசலில் ஞாயிறு காலை நல்ல கூட்டம். நடுவில் ஒரு மலைக்காரன். தலையில் முண்டாசு, கழுத்தில் பாசிமணி, காலில் செருப்பில்லை. பக்கத்தில் டெரிலின் சட்டை போட்ட ஒருவன் பணத்தை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தான்.

"பொதிகை மலைத் தேனுங்க சாமி. பாறையில கொடி கட்டி எறங்கி எடுத்ததுங்க" என்றான் மலைக்காரன், தலை நிமிராமல்.

கட்டடத்தின் செக்ரட்டரி பிரம்மநாயகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொதிகை அடிவாரத்துப் பாபநாசம் மர டிப்போவில் குமாஸ்தாவாக இருந்தவர். மலை வியாபாரம் அவருக்கு அத்துப்படி. மேலே தேன் எடுக்கும் காணிக்காரனுக்குக் கிடைப்பது உப்பும் கருவாடும்தான். அடிவாரத்து ஏஜென்ட், டவுன் கடைக்காரன், பம்பாய் வியாபாரி என்று கை மாற மாற விலை ஏறும். மலைக்காரனுக்குப் பொய்யும் தெரியாது, கணக்கும் தெரியாது என்பது அவருடைய தீர்மானம். இந்த டெரிலின் சட்டைதான் ஏஜென்ட், சந்தேகமே இல்லை.

அப்போது பின்னால் வந்த டாக்சி ஒன்று தேன் டின்னை உரசி நின்றது.

"அபே, அந்தா ஹை க்யா? காடி பீச்சே லே" என்று சீறினான் மலைக்காரன். குருடா, வண்டியைப் பின்னால் எடு என்று சுத்தமான பம்பாய் இந்தி.

பிரம்மநாயகம் அவன் முண்டாசை எட்டிப் பிடித்தார். "இந்தி பேசுத மலை எந்த மலைடே?"

"தாராவி அண்ணாச்சி. பேரு இசக்கி. தோல் ஷாப்புல வேல. ஞாயித்துக்கெழம மட்டும் இவுக கூலி குடுத்துக் கூட்டிட்டு வாராக."

"அப்ப தேனு? வெல்லப்பாகா?" டெரிலின் சட்டையின் காலரும் இப்போது அவர் பிடிக்குள் வந்தது. "ஹவல்தார் வரட்டும். ரெண்டு பேரும் லாக்கப்புல கெடங்கடே."

"சோதிச்சுப் பாத்துட்டுக் கூப்பிடுங்க" என்றான் டெரிலின் சட்டைக்காரன்.

சோதித்தார். டிப்போவில் கற்ற வித்தை அது. தேனில் நனைத்த பஞ்சுத் திரியைப் பற்றவைக்க வேண்டும். பாகு என்றால் அதிலுள்ள தண்ணீர் படபடவென்று பொரிந்து திரியை அணைத்துவிடும். இது கோயில் விளக்கு மாதிரி நின்று எரிந்தது. நம்பாமல் அடுத்த டின்னையும் திறந்தார். அதுவும் எரிந்தது.

போலிச் சரக்குக்கு வேஷம் போடுகிறவர்களை அவர் பார்த்திருக்கிறார். நல்ல சரக்குக்கு எதற்கு?

"நெசமான மலைக்காரனையே கூட்டிட்டு வரவேண்டியதுதானடே?"

"ஏஜென்ட்டுக்குக் குடுக்காம நேரா விக்கலாம்னு போன மாசமே வந்தான் அண்ணாச்சி. மாதுங்கா முழுக்க அலைஞ்சான். ஒரு பாட்டில் போகல. மலைக்காரன் இப்படியா இருப்பான், வேற ஆளைப் பாருன்னு எல்லாரும் வெரட்டிட்டாங்க" என்றான் டெரிலின் சட்டைக்காரன்.

"அப்படி எப்படிடே இருந்தான்?"

"நான் இப்படித்தான் இருந்தேன்" என்று, கசங்கிப்போன டெரிலின் காலரை நீவிவிட்டுக்கொண்டான் பூதத்தான் காணி.