வராண்டா அப்பா

பாலைச் சூடாக்கி ஆற்றினான். மகளை எழுப்பிப் பல் துலக்கிவிட்டான். இரட்டைச் சடை இன்னும் கைக்கு வரவில்லை. ஒன்று கிழக்கே பார்த்தது, மற்றது மேற்கே பார்த்தது.

ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்து அவன் தின்றான். நடுவை அவள் தின்றாள்.

எல்லாம் நேற்றைப் போலத்தான். கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்தான். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்த்தான்.

"பூட்டிதாம்ப்பா இருக்கு," என்றாள் மகள்.

இன்றைக்குத் தட்டிக்கழிக்க முடியாது.

பாக்கி இருக்கும் தடுப்பூசியைப் போட்டுக்கொண்டு வந்தால்தான் திங்கட்கிழமை உள்ளே விடுவேன் என்று குழந்தைகள் காப்பகத்தின் பொறுப்பாளர் அம்மா சொல்லிவிட்டார். முதல் தடவை சளி என்றான். அடுத்த தடவை வேலை என்றான். அதற்கடுத்த தடவை அவர் அவனை முடிக்கவே விடவில்லை. தொட்டில் அறையில் இன்னும் ஊசி போடும் வயசு வராத பிஞ்சுகள் கிடக்கின்றன, தட்டம்மை ஆள் பார்த்தா வரும் என்று கேட்டார்.

நியாயம்தான். நியாயம் என்று தெரிந்தும்தான் இரண்டு தடவை பொய் சொன்னான்.

காப்பகம் இல்லையென்றால் வேலைக்குப் போக முடியாது. வேலை போனால் மகளும் போவாள். மனைவியின் அக்கா அதற்குத் தயாராகத்தான் இருக்கிறாள். நேற்றும் போன் வந்தது.

"பாப்பாவப் பாத்துக்கோன்னுதானே எந்தங்கச்சி கடைசியா சொல்லிட்டுப் போனா? ஒரு ஊசி போடத் துப்பில்ல. ஞாயித்துக்கிழமை வர்றேன் தம்பி, அவ துணிமணிய எடுத்து வைங்க. எங்கூட இருக்கட்டும்."

அவள் கெட்டவள் இல்லை. பாசக்காரி. அதனால்தான் பயம்.

சுகாதார நிலையத்தின் வராண்டாவில் அதே நீளப் பெஞ்சு. அதே ஸ்பிரிட் வாடை. உள்ளே ஏதோ ஒரு குழந்தை வீறிட்டது. அவன் எழுந்தான். உட்கார்ந்தான். தண்ணீர் குடித்தான். மகளின் சட்டைக் கையை மடித்துவிட்டான், இறக்கிவிட்டான், மறுபடி மடித்தான்.

"ப்பா, சும்மா இரு."

பச்சைத் திரையை விலக்கிக்கொண்டு நர்ஸம்மா எட்டிப் பார்த்தார். அவனைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"அடடே, வராண்டா அப்பா!"

அந்தப் பெயர் இங்கே வைத்ததுதான். மகளுக்கு முதல் ஊசி போட்ட அன்று, திரை இடுக்கில் எட்டிப் பார்த்தவன் அப்படியே சரிந்தான். குழந்தை அழுது ஓய்ந்த பிறகும் அவனுக்கு நினைவு வரவில்லை. குழந்தைக்கு ஊசி, அப்பனுக்கு குளுக்கோஸ் தண்ணி என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள் மனைவி. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஊசிக்கும் அவள் உள்ளே, அவன் வராண்டாவில்.

நர்ஸம்மா அவன் பின்னால் பார்த்தார்.

"அம்மா வரலையா?"

அவன் குனிந்து மகளின் சடையை நேராக்கப் பார்த்தான். கோணலாக நின்ற சடைகளைப் பார்த்தார் நர்ஸம்மா, அவன் முகத்தைப் பார்த்தார். அதற்கு மேல் கேட்கவில்லை.

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நீங்க வெளிய நில்லுங்க சார். நான் பாத்துக்கிறேன்."

காது இரண்டும் அடைத்தன. கால்கள் பழக்கத்தில் பெஞ்சை நோக்கித் திரும்பின. ஓர் அடி வைத்தும் விட்டன.

நின்றான்.

"இல்லம்மா. நானே பிடிச்சுக்கிறேன்."

"விழுந்துட்டீங்கன்னா தூக்க எனக்கு ஆள் இல்ல, பாத்துக்குங்க," என்றார் நர்ஸம்மா. ஆனால் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

மகளை மடியில் உட்கார வைத்தான். அவள் கால்களைத் தன் முழங்கால்களுக்கு நடுவே அணைத்துக்கொள்ளச் சொன்னார். ஒரு கையை அவன் முதுகுப் பக்கம் விடச் சொன்னார். இன்னொரு கையை அவன் பிடித்தான்.

கண்ணை மூடவில்லை. ஊசி உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பார்த்தான். இத்தனை வருஷம் பயந்தது இத்தனூண்டு பொருளுக்கு.

மகள் வீறிட்டாள். பிறகு விசும்பினாள். பிறகு தலையைத் தூக்கி, ஈரக் கண்ணோடு அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ விழவே இல்ல."

வெளியே வந்ததும் மனைவியின் அக்காவுக்குப் போன் போட்டான். போட்டாச்சு, திங்கட்கிழமை காப்பகத்துக்குப் போகிறாள் என்றான். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். பாத்துக்கோன்னு அவள் சொன்னதைக் காப்பாற்றிவிட்டீர்கள் தம்பி என்றாள்.

மனைவி அப்படிச் சொல்லவே இல்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டார்கள். வாயில் வந்ததைச் சொல்லிவைத்தான்.

நடந்தது வேறு. அவசர சிகிச்சை அறை. காய்ச்சலில் கொதித்துக்கொண்டு ஸ்ட்ரெச்சரில் கிடந்தாள். யாரோ டிரிப்ஸ் ஏற்ற ஊசியைப் பிரித்தார்கள். அவன் முகம் வெளுப்பதை அவள் பார்த்துவிட்டாள். அந்த மூச்சுத் திணறலிலும் உதட்டோரம் ஒரு சிரிப்பு. அவன் பிடியிலிருந்து தன் கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

"நீ வெளிய நில்லுப்பா. நான் பாத்துக்கிறேன்."