கார் செட்டு வாழை

பனி கொட்டும் ஊர் ஒன்றில், குளிர்காலம் கழியட்டும் என்று ஒரு வாழையைத் தொட்டியோடு கார் செட்டுக்குள் வைத்திருந்தார்கள். வாழைக்கு இருப்பே கொள்ளவில்லை. கார் உள்ளே வந்து நின்று சூடு பரவும்போதெல்லாம், "ஆண்டவா, வெயில் வந்துடுச்சு!" என்று அவசரமாக ஒரு குருத்தை விரித்துவிடும். விடிவதற்குள் அது குளிரில் கருகிப்போகும்.

"அது என் இன்ஜின் சூடும்மா. கொஞ்சம் பொறுத்துக்கயேன்" என்று கார் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தது.

கடைசியில் கிழங்கில் ஒரே ஒரு குருத்துக்குத்தான் தெம்பு மிச்சமிருந்தது.

ஒருநாள் காலையில் வாழையை வெளியே தூக்கி வைத்தார்கள். தொட்டி மண்ணெல்லாம் கதகதவென்று ஆனது.

"இப்ப விரிம்மா, இதுதான் வெயில்!" என்றது கார். "நான் இன்னிக்கு ஸ்டார்ட்டே ஆகலை."

"போப்பா, உன் சூடு எனக்குத் தெரியாதா?" என்ற வாழை, குருத்தை இன்னும் இறுக்கிச் சுருட்டிக்கொண்டது.