சுண்டுவிரல்

பத்து வயது மகிழினி எம்.எஸ்ஸி. கணித வகுப்பில் வந்து உட்கார்ந்த நாளிலிருந்து பேராசிரியர் தேவசகாயத்துக்குச் சோறு இறங்கவில்லை. இருபது வருஷமாக நடத்துகிற பாடம்தான். ஆனாலும் அந்தப் பிள்ளை இமைக்காமல் கரும்பலகையைப் பார்க்கும்போதெல்லாம், எந்த வரியில் தப்புக் கண்டுபிடிக்கப்போகிறதோ என்று பயந்து, எழுதியதையே மறுபடி சரிபார்ப்பார். இன்று ஒரு நிரூபணத்தின் நடுவில் அவள் முகம் சுருங்கியது. இருக்கையில் நெளிந்தாள். கை மெல்ல மேலே போனது. சரி, மாட்டினோம் என்று நினைத்துக்கொண்டார். வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது. அப்புறம்தான் கவனித்தார், மற்ற விரல்களை மடக்கிக்கொண்டு சுண்டுவிரலை மட்டும் நீட்டியிருந்தாள்.

“அட, இதுக்கா? போயிட்டு வாம்மா. இங்கெல்லாம் கேக்கவே வேண்டாம்” என்றார். அவரே ஒண்ணுக்குப் போய்விட்டு வந்ததுபோல் இருந்தது அவருக்கு.

ஓடிய பிள்ளை வாசலில் நின்று திரும்பியது. “சார், நான் வர்றதுக்குள்ள முடிச்சிராதீங்க. அடுத்து என்ன ஆகும்னு நான் பார்க்கணும்.”

தேவசகாயம் சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். வகுப்பு மொத்தமும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.